சத்திரத்துக் கதவு

அதிராம்பட்டினத்தை விட்டுக் கடலோரச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், உப்பளங்களின் வெண்மை கண்ணைவிட்டு மறைவதற்குள் இராசாமடம் வந்துவிடும். இன்னும் சென்றால் மல்லிப்பட்டினம். அதனருகே, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி எழுப்பிய மனோரா வானளாவி நிற்கும். அதற்கும் அப்பால் சேதுபாவாசத்திரம். ஊர்ப் பெயர்களைச் சற்று உற்றுக் கேளுங்கள். ஒன்று மடம். மற்றொன்று சத்திரம். வடக்கே திரும்பித் தஞ்சைச் சாலையில் ஏறினால் ஒரத்தநாடு. அதற்கு மற்றொரு பெயர் முத்தாம்பாள்புரம். அங்கும் ஒரு சத்திரம்.

மன்னர்கள் மறைந்தனர். மணிமுடி மண்ணாயிற்று. பல்லக்குத் தூக்கியவர்களின் பேரர்கள் பட்டம் பெற்றுப் பணி செய்கின்றனர். ஆயினும் சத்திரம் என்ற பெயர் மட்டும் ஊரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. வழிப்போக்கருக்காகக் கட்டப்பட்ட வீடுகள் மாணவர் வீடுகளான வரலாறு. மாணவர் வீடுகளான பிறகும் பல மாணவருக்கு அடைத்துக் கிடந்த கதவு திறந்த வரலாறு. பழைய கட்டடங்களைப் புதிய பணிக்குப் பயன்படுத்துவதைப் பற்றிப் பலரும் பேசுகின்ற இந்நாளில், அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது தேவையாகிறது.

நடந்து சென்ற நாட்கள்

காசியிலிருந்து இராமேசுவரத்துக்கு மக்கள் நடந்தே சென்ற காலம் ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் நடை. வழியில் காய்ச்சல் வரும், பாம்பு கடிக்கும், கைப்பொருள் கரையும். கருவுற்ற பெண் பாதி வழியில் பிள்ளை பெறுவாள். தகப்பன் இறந்துபோக, மொழி தெரியாத ஊரில் மகன் தனித்து நிற்பான். சோழமண்டலத்தின் நெல்வயல்களைக் கடந்து கடலோரமாகச் சேதுவுக்குச் செல்லும் சாலையில், இத்தகையோர்க்கென்றே தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை அமைத்தனர். பெரும்பாலானவற்றுக்கு அரண்மனைப் பெண்டிரின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள். ஒவ்வொன்றுக்கும் ஊர்களும் நிலங்களும் மானியமாக விடப்பட்டன. அந்நிலத்து நெல்லே சத்திரத்து அடுப்பை எரித்தது.

1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கும்பினியார் தம் கைக்கு மாற்றிக்கொண்டபோது, கோட்டையளவில் சுருங்கிப்போன சரபோசி, சத்திரங்களுக்காகக் குரல் கொடுத்தார். 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த டோரின் என்பவருக்கு அவர் எழுதிய மடல் வரலாற்றாசிரியர் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. சத்திரத்தில் என்னென்ன நடக்கின்றன என்பதை அம்மடல் அடுக்கிச் சொல்கிறது. பார்ப்பனர் முதல் பறையர் ஈறாக வருவோர் அனைவர்க்கும் உணவு, சமைத்த சோறு கொள்ளாதார்க்கு அரிசியும் பிற பொருள்களும், நோயுற்றோர்க்கு மருத்துவர், நச்சுக்கடிக்கு மருந்து, கைக்குழந்தைக்குப் பால், கருவுற்ற பெண்டிர்க்குப் பேறுகாலப் பராமரிப்பு. வேதம் கற்பிப்போரும் உண்டு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை அந்த ஆசிரியரின் பொறுப்பில் விட்டு, வேளைக்குச் சோறும் உடுக்க உடையும் தந்து, அவர்கள் விரும்பிய கல்வியைக் கற்பித்து, திருமணமும் செய்து வைப்பதாக அந்த மடல் கூறுகிறது.

சத்திரமென்றால் வெறும் சோற்றுக்கூடம் என்று எண்ணியிருப்போர் இதனைக் கருத வேண்டும். மருத்துவமனை, பேறுகால இல்லம், அனாதைப் பிள்ளைகளின் அகம், பள்ளி ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பின்னாளில் இந்தக் கட்டடங்கள் பள்ளியானபோது புதிதாக ஏதோ அயல்பொருள் உள்ளே புகுந்துவிடவில்லை. முன்பே உள்ளே இருந்த ஒன்று வளர்ந்தது, அவ்வளவே.

மன்னரைப் பாராட்டுவதோடு நின்றுவிடலாமா? நிற்பது நேர்மையாகாது. அனைவர்க்கும் சோறு என்றால், அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர் என்று பொருளில்லை. சமைத்ததை உண்போர், சமையாததைப் பெறுவோர் என்ற பிரிவே அந்நாளின் சாதிமுறையைக் காட்டிக்கொடுக்கிறது. மானிய நிலத்தில் சேற்றில் நின்று நாற்று நட்டவன் எவன்? கதிர் அறுத்துக் களத்தில் அடித்துக் கோட்டை கட்டிக் கொடுத்தவன் எவன்? பண்ணையாள். அரசியின் பெயர் ஊருக்கு நிலைத்தது. அறம் செய்த புகழ் அரண்மனைக்குச் சேர்ந்தது. அரிசி மட்டும் அவனுடையது. இந்தக் கணக்கை மறந்தால், பின்னால் வரும் கதையின் சூடு நமக்குத் தெரியாது.

இருப்புப்பாதை செய்த மாறுதல்

1855-இல் இரண்டாம் சிவாசி ஆண்வாரிசு இன்றி மறைந்தார். தஞ்சை அரசு என்ற பெயரும் அத்துடன் முடிந்தது. சத்திரங்களும் அவற்றின் சொத்துகளும் வெள்ளையர் ஆட்சியின் மேற்பார்வைக்கு வந்து, உள்ளாட்சி அமைப்புகள் தோன்றிய பின்னர் அவற்றின் பொறுப்பில் சேர்ந்தன. ஜில்லா போர்டு என்று மக்கள் அழைத்த மாவட்டக் கழகமே சத்திரங்களின் காவலன் ஆயிற்று.

இதற்கிடையில் நாட்டின் நடையே மாறிவிட்டது. நாகப்பட்டினத்தையும் தஞ்சையையும் திருச்சியையும் 1860-களின் தொடக்கத்திலேயே இருப்புப்பாதை இணைத்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் ஒரு பாதை திறக்கப்பட்டது. அது 1902-இல் அதிராம்பட்டினம் வழியாகப் பட்டுக்கோட்டைக்கும், 1903-இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. 1914-இல் பாம்பன் பாலம் கடலைக் கடந்தது. ஒரு மாதம் நடந்தவன் ஓரிரவில் சென்றான். நடப்பவன் இல்லையேல் இளைப்பாறுபவன் ஏது? இளைப்பாறுபவன் இல்லையேல் சத்திரத்துத் திண்ணை எதற்கு?

இதில் ஒரு விந்தை உண்டு. முத்துப்பேட்டை வழியாக ஓடிய அந்தப் பாதை, தஞ்சை மாவட்டக் கழகம் மக்களிடம் வரி திரட்டி அமைத்த பாதை. சத்திரத்தைக் காக்கும் பொறுப்பும் அதே கழகத்துக்கு. ஒரு கையால் வழிப்போக்கனை வண்டியில் ஏற்றிய கழகமே, மறு கையில் அவனுக்காகக் கட்டிய வீட்டின் சாவியை வைத்துக்கொண்டு நின்றது. வீடு பெரிது, வருவோர் சிலர், நிலத்து வருவாயோ ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் செய்யத்தக்கது என்ன?

பூட்டி வைக்கலாம். பூட்டிய வீட்டில் வௌவால் குடியேறும். விற்றுவிடலாம். விற்றால் அறம் அழியும். மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் அந்த வழியே நடைமுறைக்கு வந்தது. பயணிக்கு இட்ட சோறு பள்ளிப் பிள்ளைக்கு இடப்பட்டது. பள்ளியும் அதனோடு மாணவர் விடுதியும் சத்திர நிதியால் நடந்தன. உண்டியும் உறையுளும் இலவசம்.

கேட்பதற்கு எவ்வளவு இனிமை! மன்னர் காலத்து மண்டபத்தில் மாணவர் குரல்! யாத்திரிகர் படுத்த தாழ்வாரத்தில் ஏடும் எழுதுகோலும்! கட்டடத்தைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். பொறுங்கள். கட்டடம் மாறிற்று. கதவு மாறிற்றா?

யாருக்குத் திறந்தது?

மாறவில்லை. விடுதியின் இலவச உணவும் உறைவிடமும் பார்ப்பன மாணவர்களுக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. உழவர் வீட்டுப் பிள்ளை, கடலோர மீனவர் வீட்டுப் பிள்ளை, உப்பளத்தில் கால் வெடிக்க நின்றவன் பிள்ளை, சேரிப் பிள்ளை ஆகிய எவருக்கும் அந்தப் பந்தியில் இடமில்லை. வேற்றூரிலிருந்து வந்து படிக்கும் ஏழைக்கு விடுதி இல்லையென்றால் பள்ளியும் இல்லை என்பதே பொருள். பத்துக் கல் நடந்து வந்து, பசியோடு அமர்ந்து, பத்துக் கல் நடந்து திரும்பும் பிள்ளை எத்தனை நாள் படிப்பான்? பள்ளியின் வாசல் திறந்திருந்தாலும், சோற்றுக்கூடத்தின் கதவு சாத்தியிருந்தால் கல்வி சாத்தியதாகவே முடியும்.

மன்னர் மடலை மீண்டும் நினைத்துப் பாருங்கள். எல்லாச் சாதியாரும் வருக என்றது அது. ஒரு நூற்றாண்டு கழிந்து, நாகரிகம் வளர்ந்து, நகராட்சியும் தேர்தலும் வந்த பிறகு, அதே சத்திரத்துச் சோறு ஒரே சாதிக்கு என்று சுருங்கிவிட்டது! அரசர் காலத்தில் அகலமாக இருந்த வாசல், மக்களாட்சியின் விடியலில் குறுகலாகிவிட்டது. இதனை எவரும் கட்டளையிட்டுச் செய்ததாகக் காட்டவேண்டியதில்லை. வழக்கம் என்ற ஒரு சொல் போதும். கேட்பாரற்ற அறம் நாளடைவில் கேட்டவன் வீட்டுச் சொத்தாகிவிடும்.

கேட்பதற்கு ஆள் வந்தார். நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரும், இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டராகத் திரும்பியவருமான சர் ஏ. டி. பன்னீர்செல்வம் 1920-களில் தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவரானார். அவருக்குத் துணை நின்றவர் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் உமாமகேசுவரனார். திருவையாற்றில் சத்திர நிதியால் நடந்த கல்லூரி அவர்கள் கண்ணில் பட்டது. அங்கே வடமொழி இருந்தது, தமிழ் இல்லை. காவிரியின் கரை, தமிழர் வயலின் வருவாய், தமிழுக்கு மட்டும் இடமில்லை! கல்விக்கென்று அமைந்த அறம் ஒரு மொழிக்கு மட்டும் உரியதாக ஆனது எங்ஙனம் என்ற வினா எழுந்தது. விளைவாக அக்கல்லூரியில் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கியது. பின்னாளில் அது அரசர் கல்லூரி என்ற பெயரோடு தமிழ்ப் புலவர் பலரை உருவாக்கும் இடமாயிற்று.

ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் விடுதிக் கதவு திறந்ததும் பன்னீர்செல்வத்தின் தலைமையில்தான். பார்ப்பனரல்லாத மாணவர்களும் ஒடுக்கப்பட்ட மாணவர்களும் உள்ளே வந்தனர். இடித்துக் கட்டவில்லை, ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. மாறியது ஒரு விதி. அந்த விதி மாறியதால் மாறிய குடும்பங்கள் எத்தனையோ! பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டு வட்டாரங்களில் தன் குலத்தில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பைக் கண்டவர்கள் அந்தச் சோற்றைத் தின்று படித்தவர்கள்.

பன்னீர்செல்வம் 1940 மார்ச்சு முதல் நாள், இலண்டன் செல்லும் வழியில் ஓமான் கடற்பகுதியில் விமானத்தோடு மறைந்தார். உடலும் கிடைக்கவில்லை. அவருக்கு நினைவுச்சின்னம் எது என்று கேட்டால், கல்லால் ஆனதைக் காட்டவேண்டியதில்லை. மன்னர் கட்டிய சத்திரத்தில் உழவன் மகன் உண்டு படித்தானே, அதுவே போதும்.

அறத்தை மாற்றலாமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. ஒருவர் ஒரு நோக்கத்துக்காக விட்டுச்சென்ற சொத்தை, பின்வந்தவர் வேறு நோக்கத்துக்குத் திருப்பலாமா? இது அறமா? இறந்தவர் சொல்லை மீறுவது ஆகாதா?

நேர்மையான கேள்வி, நேர்மையான விடையே தரவேண்டும். சத்திரம் கட்டியவரின் நோக்கம் என்ன? பசித்தவன் உண்ணவேண்டும், ஆதரவற்ற பிள்ளை கற்கவேண்டும் என்பது. அந்நாளில் பசித்தவன் சாலையில் வந்தான். பின்னாளில் பள்ளிக்கு வந்தான். ஆள் மாறினான், பசி மாறவில்லை. ஆகவே, வழிப்போக்கன் வராத வீட்டை மாணவனுக்குத் தந்தவர்கள் கட்டியவர் கருத்தைக் காத்தவர்களே. அவ்வீட்டை ஒரு சாதிக்கு என்று ஒடுக்கியதே மீறல். கதவைத் திறந்தவர்கள் அம்மீறலைத் திருத்தினர்.

ஆனால் சட்டம் திறந்த கதவை ஊர் சாத்திவிடும் என்பதையும் தஞ்சைத் தரணி கண்டது. பொதுச் சாலை, கிணறு, சாவடி, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து வெற்றி கண்டார் இரட்டைமலை சீனிவாசன். பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1937 டிசம்பரில், யமுனாம்பாளின் பெயரால் சத்திரம் கண்ட அதே நீடாமங்கலத்தில், அரசியல் மாநாட்டுப் பந்தியில் மற்றவரோடு அமர்ந்து உண்டதற்காகத் தாழ்த்தப்பட்ட தோழர்கள் அடிக்கப்பட்டனர், மொட்டையடிக்கப்பட்டனர், சாணிப்பால் குடிக்கச் செய்யப்பட்டனர். எல்லார்க்கும் சோறு என்று சத்திரம் கட்டிய ஊரில், ஒன்றாக உண்டது குற்றம்! கட்டடத்தின் பணியை மாற்றுவதைவிடக் கடினமானது மனத்தின் பழக்கத்தை மாற்றுவது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிற நாடுகளில்

இது தஞ்சைக்கு மட்டும் உரிய கதையல்ல. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-இல் மாதாகோயில் சொத்துகள் நாட்டுடைமையாயின. துறவியர் வாழ்ந்த மடங்கள் வெறிச்சோடின. பாரிசு நகரத்துச் செயிண்ட் ஜெனவீவ் மடம் 1796-இல் பள்ளியாயிற்று. இன்றும் நான்காம் ஹென்றியின் பெயரால் புகழோடு நடக்கிறது. செயிண்ட் மார்ட்டின் மடத்தில் கைத்தொழில்களுக்கான கலைக்கூடம் அமைந்தது. செபமாலை உருண்ட இடத்தில் இயந்திரச் சக்கரம் உருண்டது. புரட்சி இடித்தது மிகுதி. அது விட்டுவைத்துப் பயன்படுத்திய சுவர்களோ இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் பயன் தருகின்றன.

நம்மவர் நாடாகிய யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1816-இல் அங்கே வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரிமார், வட்டுக்கோட்டையில் போர்த்துக்கீசர், உலாந்தர் காலத்துக் கோயிற் கட்டடம் சிதைந்து கிடக்கக் கண்டனர். அதைச் செப்பனிட்டுக் குடியேறினர். 1823-இல் அங்கே உயர்கல்விக் கூடம் ஒன்று எழுந்தது. அக்கல்விக் கூடத்தில் பயின்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நடத்திய முதல் பட்டத் தேர்வில் வென்ற இருவருள் ஒருவர் அவர். செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துக் கலித்தொகையை 1887-இல் அச்சில் ஏற்றித் தந்தவரும் அவரே. இடிந்த கோயிலைப் பள்ளியாக்கியதால் இடியவிருந்த ஓர் இலக்கியம் நிமிர்ந்தது. பழஞ்சுவர் ஒன்று எத்தகைய விளைவுகளைத் தாங்கி நிற்கக்கூடும் என்பதற்கு இஃது ஓர் அளவுகோல்.

அதிராம்பட்டினமும் இவ்வரிசையில் தனக்கென ஓர் இடம் பெற்ற ஊர். கடல் வாணிகத்தால் சிறந்த முசுலிம் பெருமக்கள் வாழும் ஊர் அது. மதரசாவின் பெயர் தாங்கிய அறக்கட்டளை ஒன்று, சமயக் கல்வியோடு நின்றுவிடாமல் உலகக் கல்விக்கும் தன் பொருளைத் தந்தது. 1955-இல் காதிர் முகைதீன் கல்லூரி அங்கே எழுந்தது. கல்லூரி தேடித் தஞ்சைக்கும் திருச்சிக்கும் போகவேண்டியிருந்த கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரியே வீடு தேடி வந்தது. மன்னர் அறமாயினும் வணிகர் அறமாயினும், சமயத்தின் பெயரால் தொடங்கியதாயினும், காலத்தின் தேவையைக் கண்டு வாசலை அகலமாக்கும்போதுதான் அது நிலைக்கிறது.

சோறும் கூரையும்

சத்திரத்துப் பள்ளி நமக்குத் தந்த பாடம் ஒன்று, பின்னாளில் நாடு முழுதும் பரவியது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதே அது. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகல் உணவைத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சி அதை மாநிலத் திட்டமாக்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. அன்று இராசாமடத்தில் சில பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்தது, இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாக வந்திருக்கிறது. சத்திரம் ஊரெங்கும் பரவியது என்றே கூறலாம். இம்முறை தனிப்பந்தி இல்லாமல்!

ஆயினும், எந்தக் கட்டடத்தையும் பள்ளியாக்கிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணியதன் விலையைத் தஞ்சைத் தரணி கண்ணீரால் செலுத்தியிருக்கிறது. 2004 சூலை 16. கும்பகோணம். ஒரே கட்டடத்தில் அடைக்கப்பட்ட பள்ளிகள். மேலே கீற்றுக் கூரை. சமையற் கூடத்தில் எழுந்த தீ. இறங்குவதற்குக் குறுகிய வழி. தொண்ணூற்று நான்கு குழந்தைகள் கருகினர். பழங்கட்டடமோ புதுக்கட்டடமோ, பிள்ளை ஓடித் தப்ப வழியில்லாத இடம் பள்ளியாகாது. அந்த நாளுக்குப் பிறகே கீற்றுக் கூரைகள் பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டன. பள்ளிகள் திறக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொண்ணூற்று நான்கு பேரையும் நினைத்துக்கொண்டே கட்டடத்தை நோக்கவேண்டும்.

எனவே, பழைய சத்திரத்தையோ சாவடியையோ மாளிகையையோ பள்ளிக்கும் படிப்பகத்துக்கும் எடுக்க எண்ணுவோர் முதலில் செய்யவேண்டியவை சில உண்டு. அறைக்கு இரண்டு வழி இருக்கிறதா, சமையற்கட்டு வகுப்பறையை விட்டு விலகி இருக்கிறதா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா, காற்றும் வெளிச்சமும் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். மரச்சட்டங்களின் மேல் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்பிட்டு இறுக்கிய தளங்களே பழங்கட்டடங்களில் மிகுதி. நீர் கசிந்து சட்டம் உளுத்தால், மேலே வெள்ளையடித்து அழகு பார்ப்பது ஆபத்தை மூடி மறைப்பதாகும். சுவரிடுக்கில் முளைக்கும் ஆலும் அரசும் சிறு கன்றாக இருக்கும்போதே வேரோடு போகவேண்டும். மரமானபின் வெட்டினால் சுவரும் சேர்ந்து வரும். சுண்ணாம்புக் காரைச் சுவரைச் சுண்ணாம்பு கொண்டே செப்பனிடவேண்டும். சிமெண்டுப் பூச்சு, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும். உப்புக்காற்று வீசும் அதிராம்பட்டினம் போன்ற கடலோரத்தில் அது சுவரை உள்ளிருந்தே அரிக்கும். பழைமையைக் காப்போம் என்று மேடையில் முழங்குவதைவிட, மழைக்கு முன்னே கூரையேறி அடைப்பெடுத்து நீர்வழி பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல்.

இதற்கெல்லாம் பொருள் எங்கே என்பர். 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நினைவூட்டுவோம். ஊரார் இடம் தந்தனர், பலகை தந்தனர், ஓடு தந்தனர், உழைப்பும் தந்தனர். தம் பிள்ளை அமரும் பலகை என்ற எண்ணம் வந்துவிட்டால், ஊர் தருவதற்குத் தயங்குவதில்லை. தன் பிள்ளைக்கு இடமில்லாத மண்டபத்துக்கு எவன் சுண்ணாம்பு சுமப்பான்?

புயல் நாளின் பாடம்

2018 நவம்பர் 16. கசா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறி, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி எங்கும் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. ஒரு தலைமுறை வளர்த்ததை ஓரிரவு முறித்தது. குடிசை இழந்தோர் எங்கே ஓடினர்? பள்ளிக்கூடங்களுக்கும் பொதுமண்டபங்களுக்கும்தான். கரும்பலகையின் கீழே பாய் விரிந்தது, வகுப்பறை வாசலில் அடுப்பு மூண்டது, கைக்குழந்தைக்குப் பால் வந்தது, மருத்துவர் வந்தார். பள்ளி மீண்டும் சத்திரமாயிற்று!

சத்திரம் பள்ளியாவதும், பள்ளி சத்திரமாவதும் காலத்தின் தேவை. ஊருக்கென்று வலிய கூரையும் அகன்ற வாசலும் உடைய பொது வீடு ஒன்று எப்போதும் வேண்டும் என்பதே இரண்டும் சேர்ந்து சொல்லும் பாடம். அத்தகைய வீடுகளை நம் முன்னோர் கட்டி வைத்தனர். சிலவற்றைப் பள்ளியாகவும் விடுதியாகவும் அலுவலகமாகவும் ஆக்கினோம், பிழைத்தன. சிலவற்றைப் பாழாக விட்டோம், இடிந்தன. ஆளில்லாத மண்டபத்தை அரசாணை மட்டும் காத்துவிடாது. அன்றாடம் உள்ளே நுழையும் பிள்ளைகளின் காலடியே அதற்குக் காவல்.

ஒரு பழங்கட்டடம் புதுப்பணிக்கு வரும்போது, எத்தனை தூண், எத்தனை இலட்சம் செலவு, எந்த ஆண்டுக் கல்வெட்டு என்றெல்லாம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இராசாமடம் வேறொரு கேள்வியை முதலில் கேட்கச் சொல்கிறது. இந்தக் கதவு யாருக்குத் திறக்கும்? சேற்றில் நின்று நெல் தந்தவன் பிள்ளைக்குத் திறக்குமா? உப்பு வாரியவள் மகளுக்குத் திறக்குமா? திறக்கும் என்றால், அது இடிந்த சுவராயினும் எடுத்துக் கட்டுங்கள். ஊரே கை கொடுக்கும். திறக்காது என்றால், பளிங்கால் இழைத்தாலும் அது பாழ்மண்டபமே.